வெண்டலுக்கு ஒரு பந்து

வெண்டல் கங்காஸ் பந்தைப் பார்ப்பதே இல்லை; தோளைத்தான் பார்ப்பார். பந்து வித்தை பழகப் புதிதாக வந்தவரின் கையைக் கவிழ்த்து, ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றின் முதுகிலும் ஒரு பந்தை உட்கார வைத்து, "காபிப் பானை வரைக்கும் போயிட்டு வாங்க, அவசரமில்ல" என்பார். போகிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நிறைகுடம் சுமப்பவர்போல் அடியெடுத்து வைப்பார். வெண்டல் பின்னாலிருந்து கவனிப்பார். தோள் காதை நோக்கி ஏறினால் பந்து கனம். தோள் சும்மாயிருந்து மணிக்கட்டு மட்டும் பதறினால் பந்து லேசு. இரண்டும் இல்லாமல், ஆள் தன்பாட்டுக்கு நடந்து, திரும்பும்போது மேசையிலிருந்து ஒரு பிஸ்கட்டையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வந்தால், "அதான் உங்க பந்து. மோசமில்ல" என்று சொல்லிப் பெட்டியை மூடிவிடுவார்.

அமெரிக்காவின் வடக்கே, பனிக்குப் பேர்போன டுலூத் ஊரில் 'மோசமில்ல' என்பதற்கு மேல் பாராட்டு கிடையாது. புது வீடு கட்டியவனுக்கும் அதுதான், இரட்டைப் பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான். திட்டுவதற்கும் ஒரே ஒரு சொல்தான்: 'அது ஒரு தினுசு'. உங்கள் வீட்டில் சாப்பிட்ட விருந்தாளி வாயைத் துடைத்துக்கொண்டு "இந்தக் கறி ஒரு தினுசா இருக்கு" என்று சொல்லிவிட்டால், அந்தக் கறி அந்த வீட்டில் மறுபடி அடுப்பேறாது. இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு வெண்டல் ஐம்பத்தேழு வயதுவரை சௌகரியமாக வந்துவிட்டார்.

குளிர்காலத்தில் நகராட்சியின் பனி தள்ளும் லாரி ஓட்டுவார். பனி உருகியதும் அதே லாரியில் தார் ஏற்றிக்கொண்டு, பனி தின்றுபோன சாலைகளில் குழி அடைப்பார். ஆள் கதவு உயரம். ஆரஞ்சு நிறச் சட்டையில் ஆறு மாதம் உப்பு வாடையும் ஆறு மாதம் தார் வாடையும் இருக்கும். வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் சவரம் செய்துகொண்டு, மீன் வைக்கும் ஐஸ் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்துக்குப் படியிறங்குவார்.

அங்கே கூடுகிற வித்தைக்காரர்கள் இரண்டு கட்சி. எறிகிற கட்சி, உருட்டுகிற கட்சி. எறிகிறவர்கள் ஐந்து பந்து, நான்கு கட்டை என்று மேலே வீசிப் பிடிப்பவர்கள். கூரை தாழ்வு என்பதால் பாதி நேரம் கூரையோடுதான் அவர்களுக்கு விளையாட்டு. உருட்டுகிறவர்கள் பந்தை உடம்பை விட்டுப் பிரியவிடுவதில்லை. ஒரே பந்து, உள்ளங்கையிலிருந்து விரல் நுனி ஏறிப் புறங்கையில் இறங்கி, முழங்கை வழியாக மார்புக்கு வந்து, மறு கைக்குப் போகும். நன்றாகச் செய்தால் பந்து அந்தரத்தில் நிற்பதுபோலவும் கைதான் அதைச் சுற்றி நீந்துவதுபோலவும் தோன்றும். இரண்டு கட்சிக்கும் பொதுவான சட்டம் ஒன்று உண்டு. யார் பந்தைத் தவறவிட்டாலும் கூடமே ஒரே குரலில் "தரை புடிச்சிருச்சு!" என்று கத்த வேண்டும். காபி போட்டு, கணக்குப் பார்த்து, கூட்டத்தை நடத்துகிற மார்லிஸ் எங்கெப்ரெட்சனே தவறவிட்டாலும் சலுகை கிடையாது.

உருட்ட வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது கண்ணாடிப் பந்தைத்தான். உண்மையில் அது கண்ணாடியில்லை, அக்ரிலிக். ஆனால் தண்ணீரை உருட்டிவைத்த மாதிரி அப்படி ஒரு தெளிவு. கேட்டதும் வெண்டல் அதைக் காலுறையிலிருந்து பாதி மட்டும் எட்டிப்பார்க்க விடுவார்.

"அழகுதான். யாரு இல்லேன்னா? ஆனா தரையில விழுந்தா பந்துக்குத் தழும்பு, கால்ல விழுந்தா உங்களுக்குத் தழும்பு. கை வேர்த்தா வழுக்கும். வெயில்ல வச்சா தீப்பிடிக்கும்."

"பந்து எப்படிங்க தீப்பிடிக்கும்?"

"பந்து பிடிக்காது. பந்துக்குக் கீழ இருக்கிறது பிடிக்கும். வாசல்ல நிக்குற என் வண்டி சீட்டைப் போய்ப் பாருங்க."

ஜனவரி வெயில், நாலாபக்கமும் பனி வெளிச்சம், இருக்கையில் பந்து. காபி வாங்கப் போனவர் திரும்பி வந்தபோது, வண்டிக்குள் புகை. இருக்கையில் பட்டாணி அளவுக்கு ஓட்டை. அன்றிலிருந்து அவருடைய பந்துகள் எல்லாம் காலுறைக்குள்தான் வாழ்கின்றன. நகராட்சிக் கொட்டகையின் துணி உலர்த்தியில் ஜோடி தொலைத்த ஒற்றைக் காலுறைகளை அவர் பொறுக்கி வந்து வைத்திருக்கிறார்.

"வீட்டுல டென்னிஸ் பந்து இருக்குதே" என்பவர்களுக்கும் பதில் உண்டு. "அது நாய்க்குட்டி. கையில நிக்காது, துள்ளும்." எறிகிற கட்சியின் தானியம் நிரப்பிய துணிப்பந்தைக் கொண்டுவந்தால், "இது உருளாதுங்க, உக்காரும். சோபா மாதிரி." ரப்பர் பந்து நன்றாகப் பிடிக்கும், ஆனால் கனம், போதாததற்கு வீட்டுப் பூனையின் முடி முழுவதையும் ஒட்டிக்கொண்டு வரும். கடைசியில் பெரும்பாலானவர்களுக்கு அவர் எடுத்துக் கொடுப்பது ஒரு சாதாரண வெள்ளைப் பந்து. உள்ளே ஒன்றுமில்லாத பிளாஸ்டிக், பெரிய ஆரஞ்சுப் பழத்தைவிட ஒரு சுற்றுப் பெரிது, பளபளப்பு இல்லாதது. பார்த்ததும் முகம் தொங்கிப்போகும். வாங்கிப்போன மறுமாதமே வண்ணத்துப்பூச்சி செய்து காட்டுவார்கள். உள்ளங்கையிலிருந்து விரல் நுனி வழியாகப் புறங்கைக்குப் பந்து போய்த் திரும்புவதற்குத்தான் அந்தப் பெயர். உருட்டுகிறவர்களின் அரிச்சுவடியில் முதல் எழுத்து அது.

அந்த முதல் எழுத்து வெண்டலுக்கு வரவில்லை. மூன்று வருடமாக வரவில்லை. அவரிடம் பந்து வாங்கிப்போனவர்கள் எல்லாரும் அவரைத் தாண்டிப்போய்விட்டார்கள். அவர் இன்னும் தனக்குப் பந்து தேடிக்கொண்டிருந்தார். பெட்டியில் அத்தனை காலுறைகள் சேர்ந்த கதை அதுதான். ஒவ்வொன்றும் 'இதுவாவது சரிப்படும்' என்று அவர் தனக்காக வாங்கியது.

காரணம் பந்து இல்லை. வெண்டலின் வலது கையில் நடுவிரல் இல்லை. அடிக்கணு மட்டும் கொஞ்சம் மிச்சம். நாலு குளிர்காலத்துக்கு முன்னால் வீட்டு வாசலில் பனி ஊதும் இயந்திரத்தின் வாயில் பனி அடைத்துக்கொண்டது. நிறுத்திவிட்டுக் கையை உள்ளே விட்டார். நிறுத்தினாலும் உள்ளிருக்கும் பல்லில் ஒரு இழுவை மிச்சமிருக்கும். அது அவருக்குத் தெரியாதா? அதற்கு முந்தின சனிக்கிழமைதான் இரும்புக்கடை வாசலில், நகராட்சி சார்பில், ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு துடைப்பக்கட்டையைக் காட்டிப் பேசியிருந்தார்: "அடைச்சுக்கிட்டா குச்சியை விடுங்க, கையை விடாதீங்க." ஊருக்குத்தான் உபதேசம் என்று ஆகிப்போனது. விரல் போன வலி வசந்தத்தோடு தீர்ந்தது. வெட்கம் தீரவில்லை. வலது கை கையுறைக்குள் போனது. கையுறையின் நடுவிரலுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டார்.

தேவாலயத்து வாசலில் பனி தள்ள வந்த ஒரு வியாழக்கிழமை, காபிக்காகக் கீழே இறங்கியவர், மார்லிஸின் புறங்கையில் ஒரு பந்து உருள்வதைப் பார்த்துவிட்டார். புறங்கையை இப்படி விரித்து ஊருக்குக் காட்டவும் ஒரு வித்தை இருக்கிறதா என்று வாயைப் பிளந்தபடி நின்றார். அன்று மனதுக்குள் விழுந்த ஆசை அப்படியே இருக்கிறது. அந்தக் கையால், நாலு பேர் பார்க்க, பந்து ஒரு தடவை போய்த் திரும்ப வேண்டும். இடது கையால் கார் கொட்டகையில் யாரும் பார்க்காதபோது அவர் ஜோராகச் செய்வார். அதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

மறுவாரமே வந்து சேர்ந்துவிட்டார். கையுறையோடு. பஞ்சு விரலோடு. பந்து உருண்டு வந்து பஞ்சில் ஏறும், பஞ்சு மடங்கும், பந்து விழும். ஊரறிந்த விஷயம், கூடத்திலிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் டுலூத்காரர்கள் மரியாதைக்காரர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்னால், சோற்றைக் கொஞ்சம் கூடுதலாகவே வடித்துக்கொண்டு வருவார்கள்.

"பந்து கொஞ்சம் வழுக்குதோ என்னவோ" என்பார் மார்லிஸ்.

"ரப்பர்ல பாத்தீங்களா, வெண்டல்? ரப்பர் தேவலாம்னு சொல்றாங்க" என்பார் இன்னொருவர்.

"இந்தக் கூடமே ஒரு பக்கம் சாய்வுதான்" என்றுகூட ஒருவர் சொல்லிவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்திலிருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து கோணல்தான் கோணல்தான் என்று ஆட்டக்காரருக்கு எடுத்துக் கொடுத்தார்கள். அவரும் தலையாட்டிவிட்டு அடுத்த பந்தை வாங்கினார். போதாக்குறைக்கு, வெண்டல் எதிரே வந்தால் மார்லிஸின் காபிக் குவளை தானாக வலது கைக்கு மாறிவிடும். கொடுக்க இடது கை தயாராக இருக்கும். யாராவது புது வித்தை செய்துவிட்டால் எல்லாரும் வலது கையை உயர்த்தி அவர் கையில் தட்டுவது வழக்கம். வெண்டலோடு என்றால் எல்லாருக்கும் இடது கைப் பழக்கம். யாரும் பேசிவைத்துக்கொண்டதில்லை.

ஒன்றுதான் அவரால் தாங்க முடியவில்லை. அவர் பந்து விழுந்தால் யாரும் கத்துவதில்லை. எல்லாரும் காபியைக் குடிப்பார்கள். மே மாதத்தில் ஒரு மாலை, கதவைத் திறந்துவைத்து ஊரை அழைத்து, ஆளுக்கொரு வித்தை நடுவில் வந்து செய்வார்கள். வெண்டலின் முறை வரும்போது மட்டும் வித்தைக்குப் பதிலாக எல்லாருக்கும் காபி ஊற்றுகிற வேலை; மார்லிஸ் முகமெல்லாம் சிரிப்பாக, "அடுத்து, வெண்டலோட காபி!" என்பார். பலமான கைதட்டல். அந்தக் கைதட்டலைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் அவர் வானொலியைக்கூடப் போடமாட்டார்.

இப்படியே போயிருக்கும், மார்ச் மாதத்தில் ரொஸான் டெடெஸ்கோ படியிறங்கி வராமல் இருந்திருந்தால்.

நியூ ஜெர்சிக்காரி. மளிகைக்கடையின் இறைச்சிப் பிரிவில் வெட்டுகிறவர். வந்து ஐந்து நிமிடத்துக்குள் கூடத்தைத் திடுக்கிட வைத்தார். தட்டில் ஒரே ஒரு எலுமிச்சைக் கேக் துண்டு மிச்சமிருந்தது. இந்த ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. பாதி வெட்டி எடுப்பார்கள், அந்தப் பாதியில் பாதியை இன்னொருவர் எடுப்பார், கடைசியில் தட்டில் ஒரு தூள் கிடக்கும். ரொஸான் அதை முழுசாக எடுத்து ஒரு கடி கடித்து, "யாரு பண்ணது? வறண்டு சக்கையா இருக்கு!" என்றார். "அது ஒரு தினுசு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். கேக்கைச் சொல்லவில்லை.

பிறகு அவர் நேராக ஐஸ் பெட்டியிடம் வந்தார்.

"நீங்கதான் பந்துக்காரரா? ரொஸான்."

புது ஆட்களைச் சமாளிக்க வெண்டல் ஒரு உத்தி வைத்திருந்தார். வலது கையால் பெட்டியைத் தூக்கிக்கொள்வார்; எதிராளி இடது கையைத்தான் குலுக்க வேண்டியிருக்கும். ஆனால் ரொஸானின் இடது கையில் கேக். பெட்டியின் பிடியோடு சேர்த்து அவருடைய கையுறைக் கையையே பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார்.

"என்னய்யா இது, உள்ள ஒரு விரலைக் காணோம்!"

அந்தரத்தில் இருந்த பந்துகள் அத்தனையும் ஒருசேரக் கீழே விழுந்தன. 'தரை புடிச்சிருச்சு' என்று சொல்லக்கூட யாருக்கும் வாய் வரவில்லை. மார்லிஸ்தான் முதலில் சுதாரித்தார். "காபி... யாருக்காவது காபி வேணுமா?"

ரொஸான் விடவில்லை. "எங்க மாமாவுக்கு ரெண்டு போச்சு. எலும்பு வெட்டுற மெஷின்ல. உங்களுக்கு எதுல?"

வெண்டல் பெட்டியைக் கீழே வைத்தார். முகம் சட்டை நிறத்துக்கு வந்திருந்தது. "பனி ஊதுற மெஷின்."

"கையை விட்டீங்களாக்கும்?"

"விட்டேன்."

"குச்சி இல்லியா?"

"இருந்துச்சு" என்றார் வெண்டல். கையுறையைப் பார்த்தபடியே சொன்னார்: "பக்கத்துலதான் சாத்தி வச்சிருந்தேன்."

ரொஸான் சிரித்த சிரிப்பில் கேக் தூள் பறந்தது. கூடம் முழுவதும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு, நாலு வருடமாக உள்ளே கிடந்தது போல ஒரு சிரிப்பு அவருக்கும் கிளம்பிவந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் வேலையைப் பார்க்கத் தொடங்கினார். ரொஸானின் கையைக் கவிழ்த்தார். குளிர்ப்பெட்டியில் இறைச்சி எடுத்து எடுத்து வெடித்துப்போன கை. ரப்பரை ஒதுக்கினார். வெள்ளைப் பந்தை வைத்து, காபிப் பானை வரைக்கும் அனுப்பினார். தோள் அசையவே இல்லை.

"அதான் உங்க பந்து. மோசமில்ல."

"சரி. உங்க பந்து எது?"

வெண்டல் காலுறைகளைக் காட்டினார். "எல்லாம் என்னோடதுதான். எதுவும் சரிப்படல."

"கையுறையைக் கழட்டுங்க, பாப்போம்."

"இங்கயா?"

"பின்ன? மேல போயி பாதிரியார் முன்னாடியா?"

ஓடிப்போய்விட்டால் என்ன என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. படிக்கட்டு ஆறடி தூரம்தான். ஆனால் மே மாதத்துக் கைதட்டல் நினைவுக்கு வந்தது. கழற்றினார். கை வெளுத்து, சாலை உப்பே படாமல், இன்னொருவருடைய கை மாதிரி இருந்தது. ரொஸான் தன் வெள்ளைப் பந்தை அவர் உள்ளங்கையில் வைத்தார். வெண்டல் உருட்டினார். பந்து மேலேறி, விரல் இல்லாத சந்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. விழவில்லை, போகவும் இல்லை. மாட்டிக்கொண்டு நின்றது.

வெண்டல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சாலையில் எதையாவது பார்த்தால் லாரியை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"குழி" என்றார்.

"என்னது?"

"குழிங்க இது. மூணு வருஷமா நான் குழியை அடைச்சுக்கிட்டிருந்திருக்கேன். பஞ்சைப் போட்டு." குரல் உயர்ந்துகொண்டே போனது. "புள்ளைங்க சைக்கிள் விழுற குழியில என் லாரி விழுமா? விழாது. சக்கரம் பெருசு, தாண்டிப் போயிடும். குழியை விடுங்க. சக்கரத்தை மாத்தணும்!"

"அப்ப பெரிய சக்கரமா எடுங்கய்யா, ஏன் என்கிட்ட கத்துறீங்க?"

பெட்டியில் அவ்வளவு பெரியது எதுவும் இல்லை. எல்லாரும் நம்புகிற அளவில், எல்லாரும் சொல்கிற அளவில்தான் மூன்று வருடமும் வாங்கியிருந்தார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அலமாரிக்கு மேல் ஞாயிற்றுப் பள்ளிக் குழந்தைகளின் பனிமனிதன் நின்றது. உடம்பு பஞ்சும் காகிதமும். தலை மட்டும் அசல் பந்து. ஃப்ளோரிடாவுக்குக் குடிபோன ஒரு மேடை வித்தைக்காரர் விட்டுப்போனது. சின்ன முட்டைக்கோஸ் அளவு. கறுப்பு மையில் கண்ணும் சிரிப்பும் வரைந்திருந்தார்கள். வெண்டலுக்கு ஏணி வேண்டியிருக்கவில்லை. கையை நீட்டித் தலையைக் கொய்துவிட்டார்.

"அது குழந்தைங்களோடது..." என்று ஆரம்பித்தார் மார்லிஸ். "வந்து, வெண்டல்... அது ஒரு தினுசா..."

"மார்ச் மாசத்துல பனிமனுசனுக்கு என்ன வேலை?" என்றார் ரொஸான். டுலூத்தில் மார்ச்சிலும் பனிமனிதனுக்கு வேலை உண்டு என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

வெண்டல் வலது கையைக் கவிழ்த்துத் தலையைப் புறங்கையில் வைத்தார். ஆள்காட்டி விரலும் மோதிர விரலும் இரண்டு தண்டவாளம். நடுவே மொட்டைக் கணு. தலை சந்துக்குள் இறங்கவில்லை; மேலே, நிம்மதியாக, கூடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தது.

"காபிப் பானை வரைக்கும் போயிட்டு வர்றேன்" என்றார்.

ரொஸான் பின்னாலிருந்து தோளைப் பார்த்தார். அந்தப் பெரிய உடம்பு போய், மேசையைச் சுற்றி, திரும்பி வந்தது. வரும்போது இடது கை ஒரு பிஸ்கட்டை எடுத்தது.

"அதான் உங்க பந்து" என்றார் ரொஸான். "மோசமில்ல."

அதற்குப் பிறகு இரண்டு மாதம், பனி உருகி, சாலையெல்லாம் குழியான காலம். வெண்டலுக்கு வேலை கழுத்துவரை. ஆனால் கார் கொட்டகையில் மாலைதோறும் தொம் தொம் என்று சத்தம் கேட்டது. மனைவி ஜோலீன் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார்.

"மறுபடியும் தலை உருண்டுச்சா?"

"உருண்டுச்சு!"

"மோசமா?"

"இல்ல, இந்தத் தடவை நுனி வரைக்கும் வந்துருச்சு!"

வரும், நுனியில் தயங்கும், ஆள்காட்டி விரல் பக்கம் சாயும், விழும். அவர் மோதிர விரலைக் கொஞ்சம் தூக்கினார். அந்தப் பக்கம் சாய்ந்தது. கையை அகலமாக வீசினார். தலை தண்டவாளம் ஏறித் தாண்டியது, ஆனால் புறங்கையில் நிற்காமல் ஜோலீனின் தக்காளி நாற்றுகளுக்குள் போய் இறங்கியது. ஒரு நாள் தாண்டி, நின்றது. திரும்பி வரவில்லை. போவது ஒரு வித்தை, வருவது வேறு வித்தை.

மே மாத மாலை. ஏரியிலிருந்து மூடுபனி ஏறி ஊரை மூடிக்கொண்டது. இருந்தும் கூடம் நிரம்பிவிட்டது. இரும்புக்கடைக்காரர்கள் வந்திருந்தார்கள். நகராட்சிக் கொட்டகை ஆட்கள் வந்திருந்தார்கள். குழந்தைகள் தரையில். ரொஸான் வண்ணத்துப்பூச்சி செய்து, குனிந்து வணங்கி, தானே தனக்கு விசிலடித்துக்கொண்டார். அடுத்து மார்லிஸ் எழுந்தார், முகமெல்லாம் சிரிப்பாக.

"அடுத்து, வெண்டலோட—"

"காபி ஆறிப்போச்சு, மார்லிஸ்" என்று பின்னாலிருந்து வெண்டலின் குரல் வந்தது.

வெண்டல் நடுவுக்கு வந்தார். பெரிய பந்துக்குக் காலுறை போதாது என்று ஒரு கம்பளித் தொப்பிக்குள் வைத்திருந்தார். தொப்பியைக் கழற்றியதும் முன்வரிசையில் ஒரு கூச்சல்: "ஏய், அது நம்ம பனிமனுசன்!" பிறகு கையுறை. ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றி, பஞ்சு விரல் விறைத்து நிற்க, அதைக் காபி மேசையில் வைத்தார். கூடத்தில் பெரியவர்கள் எல்லாரும் சட்டென்று சுவரில் எதையோ தேடத் தொடங்கினார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் கேட்டுவிட்டாள்.

"உங்க விரல் எங்க?"

அவள் அம்மா அவள் வாயைப் பொத்தினாள். வெண்டல் இரும்புக்கடைக்காரர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, அந்தச் சனிக்கிழமை பேசிய அதே குரலில், கையை உயர்த்திக் காட்டிப் பேசினார்.

"பனி ஊதுற மெஷின்ல அடைச்சுக்கிச்சு. கையை விட்டேன். குச்சி பக்கத்துலதான் இருந்துச்சு. எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க: குச்சியை விடுங்க, கையை விடாதீங்க. இப்ப நான் சொன்னா நம்புவீங்க இல்ல?"

இரும்புக்கடைப் பக்கமிருந்து யாரோ சிரித்தார்கள், பிறகு கொட்டகை ஆட்கள், பிறகு கூடமே. வெண்டலுக்கு உடம்பு லேசாகிவிட்டது. பந்தை உள்ளங்கையில் வைத்தார், வீசினார். தலை நுனிவரை போய், சாய்ந்து, தரையில் விழுந்து சிரித்தபடி உருண்டது.

சிரிப்பு நின்றுபோனது. காபிக் குவளைகள் வாய்க்குப் போயின.

"தரை புடிச்சிருச்சு!" என்று ரொஸான் அடிவயிற்றிலிருந்து கத்தினார். "யோவ், எல்லாரும் ஏன் சும்மா இருக்கீங்க? தரை புடிச்சிருச்சு!"

மார்லிஸ் குவளையை இறக்கினார். வாயைத் திறந்தார். "தரை... புடிச்சிருச்சு" என்று மெல்ல ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான், அணை உடைந்தது. எறிகிற கட்சி, உருட்டுகிற கட்சி, குழந்தைகள் எல்லாரும் சேர்ந்து கூரையில் தூசு உதிரக் கத்தினார்கள். மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கத்தினார்கள். வெண்டல் குனிந்து பந்தை எடுத்தபோது அவர் கண் நிறைந்திருந்தது. அவர் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான சத்தத்தைக் கேட்டதில்லை.

"நல்லாத்தான் புடிக்குது" என்றார்.

மறுபடி வீசினார். உள்ளங்கையில் சிரித்த முகம் மேலேறி, இரண்டு தண்டவாளத்தின் உச்சியில் குப்புறக் கவிழ்ந்து, விரல் இல்லாத சந்தை ஒன்றுமில்லாததுபோல் தாண்டி, புறங்கையில் மல்லாந்து சிரித்தது. போவது முடிந்தது. கூடம் மூச்சை இழுத்துக்கொண்டது. கை திரும்பியது. முகம் மறைந்தது, ஏறியது, கவிழ்ந்தது. உள்ளங்கையில் பொத்தென்று வந்து உட்கார்ந்து மறுபடி சிரித்தது. வெண்டலால் நிறுத்த முடியவில்லை. போனது, வந்தது, போனது, வந்தது. சின்னப் பெண் ஒவ்வொரு தடவை முகம் தெரியும்போதும் "ஹலோ!" என்றாள், பிறகு எல்லாக் குழந்தைகளும் சொன்னார்கள். ஜோலீன் பின்வரிசையில் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

அவர் பந்தை நிறுத்தியதும் எல்லாரும் நடுவுக்கு ஓடிவந்தார்கள். கையில் தட்டுவதற்காகக் கைகள் உயர்ந்தன. அத்தனையும் இடது கை. முன்னால் மார்லிஸ், வழக்கம்போல் குவளை வலது கையில். வெண்டல் பனிமனிதனின் தலையை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு, வலது கையை, நாலு விரலையும் விரித்து, தலைக்கு மேல் உயர்த்திக் காத்து நின்றார். மார்லிஸ் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு, காபி தளும்பிச் சட்டையில் சிந்துவதைப்பற்றிக் கவலைப்படாமல், குவளையை இடது கைக்கு மாற்றினார்.